ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: மூன்று வெளிநாட்டவர்க்கு மூன்று விதிகள் ஏன்?

ஒரகடம்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் 2023-ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் இயந்திரப் பொறியியலில் பி.இ. முடித்துவிட்டு, ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து வருகிறேன். மொத்தச் சராசரி 7.4. மூன்றாம் பருவத்தில் இரண்டு அரியர் விழுந்து, அடுத்த தேர்விலேயே இரண்டையும் எழுதித் தேறினேன். அடுத்த குளிர்காலப் பருவத்தில், அதாவது அக்டோபரில் தொடங்கும் பருவத்தில், ஜெர்மனியில் ஆங்கில வழியில் முதுநிலைப் படிப்பில் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

என் குழப்பம் இதுதான். இணையவழிப் பயிற்சி ஒன்றில் அறிமுகமான நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். அவரும் நான் குறித்து வைத்திருக்கும் அதே படிப்புக்குத்தான் விண்ணப்பிக்கிறார். எனக்கு ஏபிஎஸ் என்ற கல்விச் சான்றாய்வுச் சான்றிதழ் கட்டாயம் என்கிறார்கள். அவருக்கு அது தேவையே இல்லையாம். அவருடைய உறவினர் ஒருவர் ஸ்டுட்கார்ட் அருகே பிறந்து வளர்ந்தவர், இன்னமும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். அவரோ ஏபிஎஸ் மட்டுமல்ல, மொழித் தேர்வு, வங்கி இருப்பு எதையும் யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்கிறார். மூவரும் ஜெர்மன் குடியுரிமை இல்லாதவர்கள்தாமே? பிறகு ஏன் மூவருக்கும் மூன்று விதமான நிபந்தனைகள்? சென்னையில் நான் அணுகிய ஆலோசனை நிறுவனம் ஒன்று, “எல்லா வெளிநாட்டு மாணவர்களுக்கும் ஒரே விதிதான், பணத்தைக் கட்டுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. பணம் கட்டுவதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆகன் மாணவி:

வணக்கம். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். உங்கள் பட்டம் எந்த நாட்டில், எந்த நிறுவனத்தில் பெறப்பட்டது என்பதே பல்கலைக்கழகத்தின் முதல் கேள்வி. உங்கள் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று கேட்பது தூதரகம். பல இடங்களில் ‘வெளிநாட்டு விண்ணப்பதாரர்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்திவிடுவதால்தான் இந்தச் சிக்கல்.

ஏபிஎஸ் என்பது புது தில்லியில் ஜெர்மன் தூதரகத்தைச் சார்ந்து இயங்கும் கல்விச் சான்றாய்வு மையம். இந்தியக் கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவையா, அவற்றைக்கொண்டு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி உண்டா என்பதை ஆராய்ந்து சான்று தருவதே அதன் வேலை. இந்தியாவிலிருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போருக்கு 2022 நவம்பர் 1 முதல் அது கட்டாயமாயிற்று. கட்டணம் 18,000 ரூபாய். சீனாவிலும் வியட்நாமிலும் இதே போன்ற மையங்கள் இதற்கு முன்பே இருந்தன, இலங்கையில் இல்லை. ஆகவே உங்கள் யாழ்ப்பாண நண்பருக்கு அது தேவைப்படாததில் சலுகை ஏதுமில்லை. அவருடைய பட்டம் ஏபிஎஸ் எல்லைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் பட்டத்துக்கு வருவோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் தகுதிநிலையைப் பார்க்க அனபின் என்ற தரவுத்தளம் இருக்கிறது. அதில் உங்கள் கல்லூரியின் பெயரைத் தேடிவிட்டு, கிடைக்கவில்லையே என்று பதற வேண்டாம். இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். எனவே பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் தேட வேண்டும். பெயருக்கு நேரே ‘எச் பிளஸ்’ என்று இருந்தால் அந்நிறுவனம் ஏற்கப்பட்டது என்று பொருள்.

மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்ற, திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். உச்சப் புள்ளியிலிருந்து நீங்கள் பெற்ற புள்ளியைக் கழித்து, அதை உச்சப் புள்ளிக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 வெறும் தேர்ச்சி. நம் ஊர்க் கணக்குக்கு நேர் எதிர். உங்கள் 7.4-ஐ எடுத்துக்கொண்டால், குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்று கொள்ளும்போது 2.56 வரும். அதே 7.4-க்குத் தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் 2.3, 6 என்றால் 2.95. பல துறைகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருப்பதால், இந்த ஒற்றை எண் உங்கள் தலையெழுத்தையே மாற்றக்கூடும். மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தைப் பார்த்து, அதையும் சேர்த்தே பதிவேற்றுங்கள். அரியருக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. எழுதித் தேறிய தாளைப் பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. என்னோடு விண்ணப்பித்தவர்களில், என்னைவிட நல்ல சராசரி வைத்திருந்த இருவர் நிராகரிக்கப்பட்டனர். காரணம் மதிப்பெண் அல்ல, பாடப் பொருத்தம். ஜெர்மன் துறைகள், தங்கள் இளநிலை மாணவர்கள் உயர்கணிதம், பொறியியல் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருளறிவியல், கட்டுப்பாட்டியல் ஆகியவற்றில் எவ்வளவு படித்திருக்கிறார்களோ, ஏறத்தாழ அதே அளவு உங்களிடமும் எதிர்பார்க்கின்றன. அந்த அளவை இசிடிஎஸ் எனும் ஐரோப்பியப் பாடப் புள்ளிகளில் சொல்வார்கள். ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 புள்ளி, நான்காண்டுக்கு 240. உங்கள் பட்டத்துக்கு மொத்தம் 160 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிரெடிட் ஒன்றரைப் புள்ளியாகும். நான்கு கிரெடிட் தாள் ஒன்று ஆறு புள்ளி. சில துறைகள் இந்த விகிதத்தை அப்படியே ஏற்காமல், பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்துத் தாங்களே முடிவு செய்கின்றன. நம் பொறியியல் படிப்பில் நான்கு கணிதத் தாள்கள் இருப்பதால் கணிதத்தில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். கட்டுப்பாட்டியலிலும் அளவீட்டியலிலும்தான் இடறுகிறோம். எனவே பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் படிப்பின் தேர்வு விதிமுறைகளைத் திறந்து, கேட்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே உங்கள் தாளையும், பாடத்திட்ட நூலில் அது இருக்கும் பக்க எண்ணையும் எழுதிப் பாருங்கள். எனக்கு இந்த வேலைக்கு முழுதாக மூன்று வார இறுதிகள் பிடித்தன; அதன் பின் என் பட்டியலில் இருந்த பதினொரு படிப்புகளில் மிஞ்சியவை நான்கு.

ஜிஆர்இ, கேட் போன்ற நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணைக் கேட்கும் துறைகளும் உண்டு. அங்கும் பார்க்கப்படுவது பட்டம் எங்கிருந்து வந்தது என்பதே.

கிளிநொச்சிப் பொறியாளர்:

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில், அறிவியல் நகர் வளாகத்தில் படித்துவிட்டு, இப்போது ஜேர்மனியில் முதுமாணிப் படிப்பின் மூன்றாவது பருவத்தில் இருக்கிறேன். மேலே சகோதரி கூறியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். எங்கள் பக்க விபரங்களைச் சேர்த்தால் ஒரகடம்வாசியின் நண்பருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பெறுபேறுகள் நான்கு புள்ளி அளவில் இருப்பதால் சூத்திரம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. என்னுடைய சராசரி 3.2, சித்திக்கான எல்லை 2.0; கணக்கிட்டால் 2.2 வரும். ஏபிஎஸ் இல்லை என்பதால் எங்கள் சான்றிதழ்களை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தச் சோதனையின் பெரும்பகுதியை யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப நிலையம் செய்கிறது. அங்கே ஒரு பருவத்தின் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. மூன்று பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினால் 135 யூரோ ஆகும். எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதன் வழியாக விண்ணப்பம் பெறுவதில்லை. ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நேரடியாகத் தன் தளத்திலேயே பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு, யூனி-அசிஸ்ட் தரும் முன்மதிப்பீட்டு ஆவணத்தை வாங்கி, அதைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் நாமே சேர்க்க வேண்டும். அந்த ஆவணம் கைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். இறுதி நாளுக்கு முதல் கிழமையில் கேட்டுவிட்டு அழுதவர்களை நான் அறிவேன்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேதான் கடவுச்சீட்டு பேசத் தொடங்குகிறது. இந்தியரும் நாங்களும் ஒரே படகில் இருக்கிறோம். விசாவுக்கு ஓராண்டுச் செலவுத் தொகையை முடக்கக் கணக்கில் இட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் அது 11,904 யூரோ என்று உயர்த்தப்பட்டது. வந்து சேர்ந்த பின் மாதம் 992 யூரோ வீதம் நமக்கே அது திரும்பக் கிடைக்கும். இதைப் பல்கலைக்கழகக் கட்டணம் என்று நினைத்து மலைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்; அது நம் வாழ்க்கைச் செலவு மட்டுமே. ஜேர்மனியில் வாழும் உறவினர் ஒருவர் தம் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தும் இதை ஈடுசெய்யலாம். ஆனால் அந்தக் கையெழுத்து ஐந்து ஆண்டுகளுக்கு அவரைக் கட்டும். உங்கள் பொருட்டு அரசாங்கம் செலவழிக்க நேர்ந்தால் அவரிடம் வசூலிக்கும். மாமாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்பதற்கு முன் இதை அவருக்குச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் முறை.

கல்விக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலான மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்களில் பருவப் பங்களிப்பு மட்டுமே. பாடன்-வூர்ட்டம்பேர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து, பருவமொன்றுக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுமாணிப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ பெறுகிறது. “ஜேர்மனியில் படிப்பு இலவசம்” என்று முகவர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஸ்டுட்கார்ட் வாசகன்:

கேள்வியில் வரும் அந்த உறவினர் நானல்லன். ஆனால் என் கதையும் ஏறத்தாழ அதுவே என்பதால் எழுதுகிறேன். என் பெற்றோர் எண்பதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே அபிட்டூர் எனும் பள்ளி இறுதித் தேர்வை எழுதி, இளநிலைப் பட்டமும் இங்கேயே பெற்றேன். என்னிடம் நெடுங்காலம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டும் நிரந்தர வதிவிட உரிமையும் மட்டுமே.

இந்நாட்டுச் சட்டத்தில் என் போன்றவர்களுக்கு ஒரு தனிச் சொல் உண்டு: பில்டுங்ஸ்இன்லெண்டர். குடியுரிமையால் அயலவர், கல்வியால் உள்நாட்டவர் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். பல்கலைக்கழக அனுமதியைப் பொறுத்தவரை இப்படிப்பட்டவர்கள் ஜேர்மன் மாணவர்களோடு சேர்த்தே எண்ணப்படுவார்கள். பள்ளிப் படிப்பே ஜேர்மன் மொழியில் என்பதால் மொழித் தேர்வு கிடையாது. சான்றிதழ் இந்நாட்டினது என்பதால் ஏபிஎஸ்ஸும் இல்லை, மதிப்பெண் மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வதிவிட உரிமை இருப்பதால் விசாவுக்கும் முடக்கக் கணக்குக்கும் வேலையே இல்லை. என் மாநிலம் பெறும் அந்த 1,500 யூரோக் கட்டணத்திலிருந்தும் இவர்களுக்கு விலக்கு உண்டு. நிரந்தர வதிவிட உரிமை இருந்தால் பாஃபோக் என்ற அரச கல்வி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆகவே அந்த உறவினர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது அவருக்கு மட்டுமே பொருந்தும் உண்மை. இங்கே வளர்ந்தவர்கள் ஊரிலுள்ள சொந்தங்களுக்கு ஆலோசனை சொல்லும்போது நல்லெண்ணத்தோடேயே தவறான வழியைக் காட்டிவிடுகிறோம். நானும் என் மைத்துனருக்கு, “ஜூலை 15 வரை நேரமிருக்கிறது” என்று சொல்லி, ஒரு பருவத்தை வீணடித்திருக்கிறேன். அவர் விரும்பிய படிப்பில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கான இறுதி நாள் மார்ச்சிலேயே முடிந்திருந்தது. விசா கிடைக்க நாளாகும் என்பதால் அவர்களுக்குக் கெடுவை முன்னதாக வைக்கிறார்கள்; உள்ளூர்க்காரர்களுக்கான பக்கத்தைப் பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

2024 ஜூன் 27 முதல் புதிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழைய குடியுரிமையைத் துறக்காமலேயே ஜேர்மன் குடியுரிமை பெற வழி பிறந்திருக்கிறது. நானும் விண்ணப்பித்துவிட்டேன். ஆனால் அதனால் என் படிப்பு விடயத்தில் மாறப்போவது ஒன்றுமில்லை.

ஒரகடம்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி மதிப்பெண் பட்டியலைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளாகப் பின்புறத்தில் ஏதோ அச்சிட்டிருக்கிறது என்பதற்கு மேல் நான் அதைப் படித்ததே இல்லை. எந்தப் புள்ளியைக் குறைந்தபட்சமாகக் கொள்வார்கள் என்பதைத் துறைக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்க இருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். முதலாவது, என் பெயர். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழிலும் பட்டத்திலும் தலைப்பெழுத்தோடு கூடிய என் பெயர் மட்டும் இருக்கிறது. கடவுச்சீட்டிலோ அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அச்சாகியிருக்கிறது. விண்ணப்பத்தில் எதை எழுதுவது? இரண்டாவது, இரண்டாண்டு வேலை அனுபவம் கட்டுப்பாட்டியல் குறையை ஈடுகட்டுமா?

ஆகன் மாணவி:

பெயர்ச் சிக்கல் தமிழ்நாட்டு மாணவர்களின் குலச் சொத்து; எனக்கும் இருந்தது. கடவுச்சீட்டில் உள்ளதை எழுத்து பிசகாமல் எல்லா இடங்களிலும் எழுதுங்கள்: ஏபிஎஸ், யூனி-அசிஸ்ட், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பதிவு, முடக்கக் கணக்கு எதுவாக இருந்தாலும் சரி. ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் இன்னொரு பெயர் என்று போய்விட்டால் திருத்துவது பெரும்பாடு. சான்றிதழில் உள்ள தலைப்பெழுத்து அப்பாவின் பெயரைக் குறிப்பதுதான், இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவைதாம் என்று நோட்டரி முன்னிலையில் ஆங்கிலத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி, சான்றிதழ்களோடு ஒரே கோப்பாக வைத்தேன். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. குடும்பப்பெயர் என்ற இடமே வெற்றாக உள்ள கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இதைவிடச் சிரமப்படுகிறார்கள். அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டைத் திருத்திக்கொள்வது நல்லது.

வேலை அனுபவம் பாடப் புள்ளிகளுக்கு ஈடாகாது. இது கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும், தொடர் முதுநிலைப் படிப்புகளில் இதுவே பொது நடைமுறை. இளநிலையில் படித்ததன் தொடர்ச்சியாகவே அவை வகுக்கப்பட்டிருக்கின்றன. நோக்க அறிக்கையில் உங்கள் தொழிற்சாலை அனுபவத்தை எழுதுங்கள். எந்த இயந்திரத்தில் என்ன பிரச்சினையைத் தீர்த்தீர்கள் என்று குறிப்பாக எழுதினால் அதைப் படிக்கும் பேராசிரியர் கவனிப்பார். ஆனால் பாடப் பொருத்தத்தைத் தாண்டிய பிறகே அந்த அறிக்கை படிக்கப்படும் துறைகளும் உண்டு. குறை சிறிதாக இருந்தால், சில துறைகள் முதல் ஆண்டில் குறிப்பிட்ட தாள்களை எழுதித் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் தருகின்றன. உங்கள் தாள்களில் இயந்திரவியல் அதிர்வுகள், மெக்கட்ரானிக்ஸ் போன்றவற்றின் பாடத்திட்டத்துக்குள் கட்டுப்பாட்டியல் அலகுகள் ஒளிந்திருக்கலாம். தாளின் தலைப்பில் அந்தச் சொல் இல்லை என்பதற்காக விட்டுவிடாமல், அலகு அலகாகப் பிரித்துக் காட்டுங்கள்.

கிளிநொச்சிப் பொறியாளர்:

ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். முன்பு விசா மறுக்கப்பட்டால் அதே தூதரகத்துக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம்; பலர் அதில் குறைகளைச் சரிசெய்து தப்பித்தார்கள். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பேர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பமே குறைவின்றி இருக்க வேண்டும். உங்களுக்கு முப்பது வயதாகவில்லை என்றால் மாணவர்க்கான அரச மருத்துவக் காப்புறுதிக்கும் தகுதி உண்டு. அதற்குப் பதிலாக மலிவான தனியார் காப்புறுதியை எடுத்துக்கொண்டு வந்து, படிப்பு முடியும்வரை அரச காப்புறுதிக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரகடம்வாசி:

குறித்துக்கொண்டேன். எனக்கு இருபத்து நான்கு வயதுதான். ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கட்டப்போவதில்லை. அந்தத் தொகை ஏபிஎஸ்ஸுக்கும் யூனி-அசிஸ்ட்டுக்கும் போதும். வரும் சனிக்கிழமை கல்லூரிக்குச் சென்று, பல்கலைக்கழக முத்திரையோடு பாடத்திட்டத்தின் முழுப் பிரதி கிடைக்குமா என்று கேட்கிறேன். ஒப்பீட்டுப் பட்டியலைத் தயாரித்ததும், மெக்கட்ரானிக்ஸ் தாளின் அலகுகளை மட்டும் இங்கே பதிவிடுகிறேன். அதில் எதைக் கட்டுப்பாட்டியல் கணக்கில் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று ஆகன் மாணவி பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.